பழைய காரில் வந்து வந்து மறையும் மின்கோளாறைத் தேடிப் பிடிப்பது எப்படி?

மாருதி 800, அம்பாசடர், பத்மினி போன்ற பழைய கார்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகவே பழக்கமாகியிருக்கும். சீராக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் சட்டென்று நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். ஹெட்லைட் ஒரு நாள் மங்கலாக எரியும், மறுநாள் பளிச்சென்று எரியும். ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அன்று முழுக்கக் கோளாறு தலைகாட்டாது. வயரிங் வேலையில் அனுபவம் இல்லாவிட்டாலும் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் பிடிக்கத் தெரிந்த ஒருவர், இத்தகைய கோளாறை முறையாகத் தேடிப் பிடிக்க உதவும் வகையில் இக்கட்டுரை எழுதப்படுகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 போன்ற எளிய வண்டியை மனத்தில் வைத்தே பெரும்பாலும் பேசியிருக்கிறேன். முறை எல்லாப் பழைய கார்களுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட கோளாறு பெரும்பாலும் ஏதோ ஓர் இணைப்பில்தான் இருக்கும்: தளர்ந்த லக் (வயரின் முனையில் இருக்கும் உலோக வளையம்), துருப்பிடித்த எர்த் (மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), உள்ளே கருகிய கப்ளர் (வயர்களை ஒன்றோடொன்று சொருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பி), உறைக்குள் அறுந்த வயர். இவற்றில் எதையாவது கழற்றி மறுபடி மாட்டினாலே, உலோகம் உரசி அழுக்கு விலகி, சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ எல்லாம் சரியாகிவிடும். காயிலை (பிளக்கில் பொறி உண்டாக்க உயர் மின்னழுத்தம் தரும் சுருளை) மாற்றினோம், நன்றாகிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் காயிலை மாற்றும்போது அசைந்த வயர்தான் தற்காலிகமாகச் சரியாகியிருக்கும். பேட்டரி, காயில், ஆல்டர்னேட்டர் என்று வரிசையாகப் பணம் செலவழித்த பிறகும் பழைய கோளாறு திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான். ஆகவே, அளந்து பார்க்கும் முன் எதையும் கழற்றக் கூடாது. கோளாறை வரவழைக்க வேண்டும். அது வந்திருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். அதன் பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

முதல் வேலை: குறிப்பெடுப்பது

ஒரு சிறிய நோட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் சூடாக இருந்ததா, மழையா வெயிலா, சாலை குலுங்கியதா, ஸ்டீயரிங்கைத் திருப்பினீர்களா, அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்பதை எழுதுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, எதெல்லாம் சேர்ந்து நின்றது, எது நிற்காமல் ஓடியது என்பதாகும். வைப்பரும் இண்டிகேட்டரும் ஒன்றாகச் செத்து ஹாரன் மட்டும் அடித்தால், வைப்பரையும் இண்டிகேட்டரையும் தனித்தனியே ஆராய்வது வீண்வேலை. அவ்விரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், பொதுவான வயர் அல்லது பொதுவான எர்த் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் தாறுமாறாக ஏறினால், இரண்டு மீட்டர்களும் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. அவ்விரண்டுக்கும் சீரான மின்னழுத்தம் கொடுக்கும் சிறிய ஸ்டெபிலைசரையோ அதன் எர்த்தையோதான் சந்தேகிக்க வேண்டும்.

குறிப்புகள் சேரச் சேர ஒரு போக்கு தெரியும். குலுங்கும்போது வருவது தளர்ந்த இணைப்பைக் காட்டும். சூடானபின் வந்து, ஆறியதும் போவது காயில், இக்னிஷன் மாட்யூல், ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) போன்றவற்றைக் காட்டும். எரிபொருளைப் பீய்ச்சும் முறைக்கு மாறிய 1990-களின் சில கார்களில், வெயிலில் நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மாலையில் தானாக ஸ்டார்ட் ஆவதற்கு, பம்பு ரிலேயின் உள்ளே ஈயப்பற்று விரிசல் விட்டிருப்பதே காரணமாக இருப்பதுண்டு. மழைநாளில் மட்டும் வருவது டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் பகுதி) மூடி, பிளக் வயர்கள், தண்ணீர் இறங்கும் கப்ளர்கள் ஆகியவற்றின் பக்கம் கைகாட்டும்.

கருவிகளும் பாதுகாப்பும்

விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு நீள வயர்களைப் பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப், சில க்ராக்கடைல் கிளிப்புகள், உப்புத்தாள், கம்பி பிரஷ், காண்டாக்ட் கிளீனர், உங்கள் மாடலுக்கு உரிய வயரிங் வரைபடம் ஆகியவை போதும். வரைபடம் கிடைக்காவிட்டால், வயர் நிறங்களைப் பார்த்து நீங்களே சிறிது சிறிதாக வரைந்துகொள்ளலாம். அதுவும் பயன் தரும்.

வயரைக் கழற்றும் எந்த வேலைக்கும் முன்பு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டவுடன் முழு பேட்டரியும் ஷார்ட் ஆகிவிடும். 1960-களுக்கு முந்தைய பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய வண்டியாக இருந்தால் பாடியோடு சேர்ந்த முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மோதிரம், காப்பு, உலோகப் பட்டையுள்ள கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் ஒருபோதும் தொடக் கூடாது. அடிக்கடி போகும் ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியோ சிகரெட் பெட்டி ஈயத்தாளோ வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிப்பதற்கு அதைவிட எளிய வழி கிடையாது.

பேட்டரியும் எர்த்தும்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழுச் சார்ஜ்; 12.2-க்குக் கீழே இருந்தால் பாதி சார்ஜுக்கும் குறைவு. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். செல்ப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இவை சரியாக இருந்தால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் விட்டுவிட்டு இணைப்புகளுக்குப் போகலாம்.

இங்கே புதியவர்கள் பலரும் வழி தவறும் இடம் ஒன்று உண்டு. பல இழைகள் கொண்ட ஒரு தடித்த வயரில் ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும், ஓம் நிலையில் வைத்த மல்டிமீட்டர் அதை முழு வயர் என்றே காட்டும். கன்டினியுட்டி பீப் ஒலியும் கேட்கும். சும்மா தொட்டுப் பார்த்தால் 12 வோல்ட்டும் இருக்கும். ஆனால் அதன் வழியே மின்சாரம் பாயத் தொடங்கியவுடன் அழுத்தம் சரிந்துவிடும். செல்ப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, பாதையில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். அத்தனை சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரால் நம்பகமாக அளக்க முடியாது. ஆகவே ஓம் அளப்பதை நம்பாமல், சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த இடத்தில் எவ்வளவு வோல்ட் இழப்பு ஏற்படுகிறது என்று அளக்க வேண்டும். இந்த ஒரு சோதனையை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டாலும் பாதி வேலை முடிந்ததுபோலத்தான்.

செய்முறை இதுதான். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, காயிலிலிருந்து வரும் நடுவயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, அதன் உலோக முனை எஞ்சின் இரும்பில் நன்றாகப் படும்படி கட்டுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் ஈயத்தண்டின்மீதே, அதாவது கிளாம்பின்மீது அல்லாமல் தண்டின்மீதே வைத்து, மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில் வைக்கவும். இன்னொருவர் நான்கைந்து வினாடிகள் செல்ப் அடிக்கட்டும். மீட்டர் 0.2 அல்லது 0.3 வோல்ட் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் பழுது இருக்கிறது. அதன்பின் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, தண்டிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து பாடி, பாடியிலிருந்து எஞ்சின் என்று ஒவ்வொன்றாக அளந்தால், இழப்பு எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். பாசிட்டிவ் தண்டிலிருந்து செல்ப் மோட்டாரின் தடித்த போல்ட்டு வரையிலும் இதே முறையில் அளக்கலாம். அங்கும் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின்மீது உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பாடியோடும் பேட்டரியோடும் இணைக்கும் எர்த் பட்டைதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. அது அறுந்தால், செல்ப் மோட்டாரின் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் ஆகியவற்றின் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ப் அடித்த பிறகு ஆக்சிலரேட்டர் கேபிள் தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால், வேறு எதையும் தேடாமல் நேரே எர்த் பட்டைக்குப் போய்விடலாம்.

விளக்குகளின் எர்த்தும் இதே கதைதான். வலது இண்டிகேட்டர் போடும்போது பின்பக்க சிவப்பு விளக்கும் சேர்ந்து மினுக்கினால், அந்த விளக்குக்கூட்டின் எர்த் விட்டுப்போய், மின்சாரம் பக்கத்துப் பல்பின் வழியாகத் திரும்ப வழி தேடுகிறது என்று பொருள். அந்த எர்த் வயரைப் பாடியோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால், வாஷருக்கு அடியில் பெயிண்ட் உப்பி, துரு பொடிப்பொடியாக உதிர்வதையும், லக்கின் அடியில் பச்சை நிறத்தில் மாவுபோல ஏதோ படிந்திருப்பதையும் காணலாம். உப்புத்தாளால் பாடியில் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்து, புதிய லக் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கு இந்த வேலையைக் கோளாறு வரும்வரை காத்திராமல் செய்துவிடுவது நல்லது.

கோளாறை வரவழைப்பது

எர்த்தில் குறையில்லை என்றால், குறிப்பேட்டில் கண்ட சூழலை நிறுத்திய வண்டியிலேயே உண்டாக்க வேண்டும். சந்தேகப்படும் வயரின் கடைசி முனையில் டெஸ்ட் லேம்பை மாட்டி, பல்பைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொங்கவிடுங்கள். மல்டிமீட்டரைவிட இங்கே 21 வாட் பல்பு நல்லது. அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுப்பதால், அறுந்துகொண்டிருக்கும் வயரின் வேஷத்தைக் கலைத்துவிடும். எலக்ட்ரானிக் பெட்டிகளுக்குச் செல்லும் சிக்னல் வயர்களில் மட்டும் இந்தப் பல்பை மாட்டக் கூடாது. பிறகு ஃபியூஸ் பாக்ஸில் தொடங்கி, வயர்க் கட்டு போகும் வழியெங்கும் ஒரு சாண் அளவுக்கு ஒருமுறை மெதுவாக அசைத்து, வளைத்து, லேசாக இழுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைத் தொடாதீர்கள். பல்பு மினுக்கிய இடத்தில் கையை எடுக்காமல் நின்று, அதே அசைவை மறுபடி செய்து, மறுபடியும் மினுக்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சூட்டில் வரும் கோளாறுக்குத் தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கொண்டு ரிலேவையோ மாட்யூலையோ தனியாகச் சூடாக்கலாம். மழையில் வருவதற்கு, இருட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களின்மீது லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வயர்களைக் கையால் தொடக் கூடாது. கதவு, டிக்கி மூடி ஆகியவற்றுக்குள் போகும் வயர்கள் கீல் பக்கத்தில் ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்தவை. உறை நன்றாக இருந்தாலும் உள்ளே செம்பு அறுந்திருக்கும். கதவைத் திறந்து மூடியபடியே பல்பைக் கவனியுங்கள்.

இந்தத் தேடலில் முதல் சந்தேகத்துக்கு உரியவை, வண்டி தொழிற்சாலையைவிட்டு வந்த பிறகு சேர்க்கப்பட்டவை. ஆடியோ, ரிமோட் லாக், ஃபாக் லேம்ப், இரட்டை ஹாரன் ஆகியவற்றுக்காக யாரோ வயரைக் கீறி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் டேப்பின் பசை உருகி வழிந்து பிசுபிசுவென்று இருக்கும் ஒவ்வொரு முடிச்சையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஹெட்லைட்டுக்கு 60 வாட் பல்புக்குப் பதிலாக 100 வாட் போட்டிருந்தால், இரண்டு பல்புகளும் சேர்ந்து 10 ஆம்பியருக்குப் பதில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே இல்லாத பழைய வண்டிகளில் அத்தனையும் ஸ்டீயரிங்கை ஒட்டிய ஸ்விட்சின் வழியாகவே ஓடுவதால், கப்ளரின் பிளாஸ்டிக் பழுப்பாகி, பின் தளர்ந்து, விளக்கு மங்கி மங்கி எரியும். அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும் என்பதால், இந்த இழப்பு கண்ணுக்கே தெரியும். பழைய அளவு பல்பைப் போட்டு, ரிலே ஒன்றைச் சேர்ப்பதே நிலையான தீர்வு.

ஓடும்போது எஞ்சின் நின்றால்

இது ஆபத்தான கோளாறு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஞ்சின் வெட்டியவுடன் பாதுகாப்பாக ஓரம் கட்டியபடி, சாவியைத் தொடாமல், கிளட்சை மிதித்துவிட்டு டேஷ்போர்டைப் பாருங்கள். கிளட்ச் மிதிக்காவிட்டால் உருளும் சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், விளக்குகள் உண்மையைச் சொல்லாது. சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் எரிந்தால், சாவி ஸ்விட்ச் அந்த விளக்குகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இருட்டாக இருந்தால், சாவி ஸ்விட்ச், அதன் அடியிலுள்ள கப்ளர், அல்லது பேட்டரியிலிருந்து அதற்கு வரும் வயர் ஆகியவற்றில்தான் பழுது இருக்கிறது. கனமான சாவிக்கொத்தை மாட்டி ஆண்டுக்கணக்கில் ஓட்டிய வண்டிகளில் ஸ்விட்சின் உட்பகுதி தேய்ந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது வண்டியை நிறுத்தி வைத்து, சாவியை லேசாக ஆட்டினாலே அது தெரிந்துவிடும்.

விளக்குகள் எரிந்தும் எஞ்சின் நின்றால், காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து, தொடக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்து, பானெட் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து 5 வாட் பல்பில் இணையுங்கள். பல்பின் மறுமுனையை நல்ல எர்த்தில் கொடுங்கள். பக்கத்தில் உட்காருபவர் பல்பை மட்டும் பார்த்துக்கொண்டு வர, வழக்கமாகக் கோளாறு வரும் சாலையில் ஓட்டுங்கள். எஞ்சின் வெட்டும்போது பல்பும் அணைந்தால், காயிலுக்கு வரும் பாதையில் குறை. பல்பு அணையாமல் எஞ்சின் மட்டும் வெட்டினால், காயிலிலோ அதற்குப் பிந்தைய பகுதியிலோ குறை, அல்லது அது மின்கோளாறே அல்ல. பெட்ரோல் பக்கம் போக வேண்டும். பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு சிறிய, மெல்லிய வயர் உண்டு. வாக்குவம் கூடிக் குறையும்போதெல்லாம் பாயிண்ட் தட்டு நகர, அதனோடு சேர்ந்து இந்த வயரும் மடங்கும். உறைக்குள் அறுந்த இந்த வயரால், ஐடிலில் ஒழுங்காக ஓடும் வண்டி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திக்கித் திக்கி நிற்கும். மூடியைத் திறந்து இதை விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

செல்ப் அடிக்கும்வரை எஞ்சின் பிடித்து, சாவியை விட்டவுடன் அணைந்தால், பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) உள்ள வண்டிகளில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செல்ப் அடிக்கும்போது மட்டும் மின்சாரம் அதைத் தவிர்த்து நேரே காயிலுக்குப் போகிறது. அதில் குறையில்லை என்றால் சாவி ஸ்விட்சைப் பாருங்கள்.

ஃபியூஸ் மட்டும் அவ்வப்போது போனால்

இது எதிர்வகைக் கோளாறு: அறுந்த வயர் அல்ல, எங்கோ பாடியில் உரசும் வயர். புதிய ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எரிப்பதற்குப் பதிலாக, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள். அந்த ஃபியூஸில் ஓடும் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். ஷார்ட் ஏற்படும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 60 வாட் இழையென்றால் 5 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் வயரும் கருகாது. வயர்க் கட்டை அசைத்துக்கொண்டே போய், பல்பு பளிச்சிடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஃபயர்வாலில் ரப்பர் வளையம் உதிர்ந்துபோன ஓட்டைகள், பேட்டரி தட்டின் அடிப்பகுதி, சீட் ரெயில்கள், எலி கடித்த இடங்கள் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

பழுது நீக்கியபின்

இணைக்கும் வயர், பழைய வயரின் தடிமனுக்குக் குறையக் கூடாது. முறுக்கி டேப் சுற்றுவது மறுபடியும் இதே கோளாறுக்கு விதை போடுவதாகும். சரியான அளவு லக் போட்டு கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் சுருக்கி மூட வேண்டும். சோதிப்பதற்காக ஊசியால் வயரைக் குத்தியிருந்தால், அந்தத் துளையையும் மூடிவிடுங்கள். ஈரம் அதன் வழியே இறங்கிச் செம்பைப் பச்சையாக்கிவிடும்.

சரிசெய்ததாக நினைத்தவுடன் சோதனை வயர்களைக் கழற்றிவிடாதீர்கள். கோளாறு எந்தச் சூழலில் வந்ததோ, அதே சாலை, அதே சூடு, அதே சுமை ஆகியவற்றில் மறுபடி ஓட்டி, பழுதான இணைப்பில் முன்பு அளந்த வோல்ட் இழப்பை மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இழப்பு குறைந்திருக்காவிட்டால், கோளாறு வராமல் இருந்தாலும் அது சரியாகவில்லை என்றே கொள்ளுங்கள். அப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போக நேர்ந்தால், வண்டி சில நேரம் நிற்கிறது என்று மட்டும் சொல்லாமல், சூடான எஞ்சினில், மேடு பள்ளத்தில், காயிலுக்கு வரும் மின்சாரம் அறுபடுகிறது, எர்த் இழப்பு இத்தனை வோல்ட் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். எந்தப் பொருளையும் மாற்றும் முன் உங்களிடம் காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.